பிஸ்பைஸ் மாடலை எல்டிஸ்பைஸிலும் கிகேடிலும் ஓட்டுவது எப்படி?

கேள்வி: உற்பத்தியாளர் தளத்தில் இறக்கிய ஆப்-ஆம்ப், மாஸ்ஃபெட் மாடல்கள் எல்லாம், சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரான பிஸ்பைஸுக்கானவை. எல்டிஸ்பைஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரிலோ, சர்க்யூட் வரையும் மென்பொருளான கிகேடிலோ ஓட்ட எதை மாற்ற வேண்டும்?

முதலில் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். நடுவில் புரியாத எழுத்துக் குவியல் இருந்தால் அது என்கிரிப்ட் செய்த, அதாவது பூட்டி மறைத்த மாடல். எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் (கிகேடுக்குள் இருக்கும் சிமுலேட்டர்) இரண்டுமே அதைப் படிக்காது, மல்லுக்கட்ட வேண்டாம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பாகம் என்றால் அவர்கள் 2020 முதல் இலவசமாகத் தரும் 'பிஸ்பைஸ் ஃபார் டிஐ' இருக்கிறது, அதிலேயே ஓட்டிவிடுங்கள்.

படிக்க முடிகிற ஃபைல் என்றால் பெரும்பாலும் எல்டிஸ்பைஸ் அப்படியே ஏற்றுக்கொள்ளும். எர்ரர் வந்தாலும் கவலை இல்லை, எந்த வரி என்று காட்டிவிடும். எர்ரரே வராமல் தப்பாக ஓடுவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

அதில் முதலிடம் பின் (pin) வரிசைக்கு. எல்டிஸ்பைஸின் 'ஆப்-ஆம்ப்2' சிம்பல் எதிர்பார்க்கும் வரிசை: ப்ளஸ் இன்புட், மைனஸ் இன்புட், ப்ளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, அவுட்புட். இப்போது ஒரு ஃபைலின் கமென்ட்டில் 1 மைனஸ் இன்புட், 2 ப்ளஸ் இன்புட், 3 அவுட்புட், 4 ப்ளஸ் சப்ளை, 5 மைனஸ் சப்ளை என்று போட்டு, சப்சர்க்யூட் வரியில் (.SUBCKT என்று தொடங்குவது) 1 3 2 4 5 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே மாட்டினால் சிம்பலின் மைனஸ் இன்புட் போய் மாடலின் அவுட்புட்டில் உட்காரும். அந்த வரியை மட்டும் 2 1 4 5 3 என்று மாற்றுங்கள், உள்ளே எதையும் தொடாதீர்கள். இந்த எண்கள் வெறும் நோடு பெயர்கள். ஐசியின் கால் எண்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாஸ்ஃபெட் மாடல் சப்சர்க்யூட்டாக வந்தால், என்-மாஸ் சிம்பல் மேல் கன்ட்ரோலை அழுத்தியபடி ரைட் க்ளிக் செய்து ப்ரிஃபிக்ஸை 'எக்ஸ்' ஆக்குங்கள். வரிசை ட்ரெயின், கேட், சோர்ஸ்.

அடுத்தது ஸ்விட்ச். பிஸ்பைஸ் ஸ்விட்ச் ஆன் வோல்டேஜுக்கும் ஆஃப் வோல்டேஜுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு மாறும், ஹிஸ்டெரிசிஸ் (ஏறும்போது ஓர் இடத்திலும் இறங்கும்போது வேறு இடத்திலும் மாறுவது) கிடையாது. எல்டிஸ்பைஸின் சொந்த ஸ்விட்ச் மாடலாக மாற்றி எழுதினால், த்ரெஷோல்டு = (ஆன் + ஆஃப்) / 2. ஹிஸ்டெரிசிஸ் மதிப்பு இரண்டின் வித்தியாசத்தில் பாதி. அதை மைனஸில் கொடுத்தால்தான் வழுக்கல் கிடைக்கும், ப்ளஸில் கொடுத்தால் நிஜ ஹிஸ்டெரிசிஸ் ஆகிவிடும். ஆன் 0.8, ஆஃப் 0.2 என்றால் த்ரெஷோல்டு 0.5, ஹிஸ்டெரிசிஸ் -0.3. ஆன் 0.2, ஆஃப் 0.8 என்று தலைகீழாக இருந்தாலும் இதே எண்கள்தான், ஆனால் ஆன் ரெசிஸ்டன்ஸையும் ஆஃப் ரெசிஸ்டன்ஸையும் இடம் மாற்ற வேண்டும். மறந்தால் ஸ்விட்ச் நேர் எதிராக வேலை செய்யும், ஒரு எச்சரிக்கையும் வராது.

பிற சிமுலேட்டருக்கு எழுதிய மாடல்களில் ^ குறியையும் தேடுங்கள். என்ஜிஸ்பைஸில் அது அடுக்கு. எல்டிஸ்பைஸின் பிஹேவியரல் சோர்ஸில் எக்ஸ்-ஆர், அதாவது விடை 0 அல்லது 1.  அடுக்கு வேண்டிய இடத்தில் அதை ** என்று மாற்றிவிடுங்கள்.

கிகேடில் ஓடுவது என்ஜிஸ்பைஸ். சிமுலேட்டர் செட்டிங்கில் கம்பாட்டிபிலிட்டியை 'பிஸ்பைஸ்' என்று வைத்தாலே ஸ்விட்ச் உட்பட பலதை அதுவே மாற்றிக்கொள்ளும். அதைச் செய்யாமல் கையால் திருத்த உட்காருவது வீண் வேலை.

'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' என்ற எர்ரர் வந்தால் எல்டிஸ்பைஸில் முதலில் ஆல்டர்னேட் சால்வர், பிறகு சி-ஷன்ட் (cshunt) ஆப்ஷனை 1e-15 வைத்துப் பாருங்கள். ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் ட்ரான்சியன்ட் மாடலில் ஏசி அனாலிசிஸ் ஓட்டி வரும் போடு ப்ளாட்டை (அலைவரிசைக்கு ஏற்ப கெயினும் ஃபேஸும் மாறுவதைக் காட்டும் வரைபடம்) நம்பாதீர்கள். அதற்கு ஸ்விட்சிங்கைச் சராசரியாக்கி எழுதிய ஆவரேஜ்டு மாடல் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் முழு சர்க்யூட்டில் போடுமுன் ஆப்-ஆம்பை பஃபராக (அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு இணைத்து) மட்டும் கட்டி, அவுட்புட், ஸ்லூ ரேட், சப்ளை கரன்ட் மூன்றையும் டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். பழைய பாயில் (Boyle) வகை ஆப்-ஆம்ப் மாடல்களில் லோடு கரன்ட் சப்ளையிலிருந்து வராமல் கிரவுண்டிலிருந்து வரும், அதனால் சப்ளை கரன்ட் ஒத்துப்போகாது. அது மாடலின் குணம், உங்கள் திருத்தத்தில் தவறு தேட வேண்டாம்.