கரிந்த மேட்டில் பூத்தவை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் குளிர்காலத்தில் புல்லை எரித்தார்கள். செப்டம்பர் பிறந்ததும் அந்தக் கரிக்குள்ளிருந்து நட்சத்திரம் மாதிரி மஞ்சள் பூவும், வெள்ளை டெய்சி ஒன்றும் வந்திருக்கின்றன. ஓடையோர மரத்தடியில் சிவப்புப் பிரஷ் போல இன்னொன்று. பேத்தி பெயர் கேட்கிறாள், எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இலையையும் பாருங்கள், திருப்பியும் பாருங்கள்.

மஞ்சள் பூவுக்கு ஆறு இதழ் இருந்து, மயிர் படர்ந்த நீள இலைகள் மூன்று வரிசையாகப் பிரிந்து வளைந்து நின்றால் அது ஹைப்பாக்சிஸ். ஜூலு மொழியில் இன்கோம்ஃபே என்பார்கள். ஆப்பிரிக்கன் பொட்டேட்டோ என்று டர்பன் வார்விக் மூலிகைச் சந்தையில் விற்கிறார்களே, அது இந்த இனத்தின் கிழங்குதான். காலையில் விரிந்து மதியவாக்கில் மூடிக்கொள்ளும், அதனால் பேத்தியை வெயில் ஏறுவதற்குள் கூட்டிப்போங்கள். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால்தான் மேலே தீ போனாலும் துளிர்க்கிறது, அப்புறம் புல் உயர்ந்து மறைப்பதற்குள் வெயிலைத் தாராளமாக வாங்கிக்கொள்கிறது.

டெய்சியின் இலையைத் திருப்புங்கள். அடியில் கம்பளி மாதிரி வெளுத்து, பூவிதழின் பின்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது காட்டு ஜெர்பெரா. கல்யாண மேடையில் கட்டுகிறோமே அந்தப் பெரிய ஜெர்பெரா, அதன் மூதாதையும் நம் நாட்டுப் பார்பர்டன் ஊர்ப் பக்கத்துப் பூதான்!

சிவப்புப் பூ ஸ்காடாக்சஸ், பெயின்ட்பிரஷ் லில்லி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரே பூ மாதிரி தெரிந்தாலும் நிறையச் சின்னப் பூக்கள் சேர்ந்த கொத்து அது. தண்டின் அடியில் பாம்புத்தோல் போல ஊதாப் புள்ளிகள் இருக்கும். கிழங்கு விஷம், குழந்தை வாயில் வைத்துவிடக் கூடாது.

எதையும் பிடுங்க வேண்டாம். பூ, இலையின் இரண்டு பக்கம், தண்டின் அடி, சுற்றியுள்ள இடம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், செடிகளை அறிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பூவை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தை வைத்து அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்திலேயே சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போய்ப் பாருங்கள்.

கோடையில் வேலியோரம் தீக்கொழுந்து மாதிரி ஒரு கொடி பூத்தால் அதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை. நம் செங்காந்தள்தான், இந்த மண்ணிலும் தானாகவே வளர்கிறது. அதன் கிழங்கும் கொடிய விஷம், பேத்தி தள்ளி நின்றே பார்க்கட்டும்.