காயா பழமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வன்னியில் முப்பது வருசம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இன்று காய், பழம் பற்றி மட்டும் பேசுவோம். உரமானியம், சந்தை விலை எல்லாம் இன்னொரு நாளைக்கு.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: ஐயா, தக்காளி பழமா மரக்கறியா என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்ல?

இரண்டும் என்று சொல்லுங்கள் தங்கச்சி. மரக்கறி என்பது அடுப்படிச் சொல், கறிக்குப் போவதெல்லாம் மரக்கறிதான். பழம் என்பது செடியின் உடம்பைப் பற்றிய சொல். பூவிலுள்ள சூலகம் வளர்ந்து விதையைச் சுமந்தால் அது பழம். அப்படிப் பார்த்தால் தக்காளி, கத்தரி, வெண்டி, பயற்றங்காய், பூசணி எல்லாமே பழம். கரட், கோவா, வல்லாரை, மரவள்ளி பழமில்லை.

மகளை விடியக்காலையில் பூசணிக் கொடிக்குக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். ஒரு பூவுக்குக் கீழே வெறும் காம்பு இருக்கும், அது ஆண். இன்னொன்றின் கீழே கோலிக்குண்டு அளவில், மயிர் படர்ந்த ஒரு குட்டிப் பூசணி இருக்கும், அது பெண். அந்தக் குண்டுதான் சூலகம். பத்து நாள் கழித்துத் திரும்பப் போனால் மிச்சத்தை அவளே சொல்லுவாள்.

எங்கள் மொழியில் பிஞ்சு, காய், பழம் என்பவை மூன்று இனமல்ல, ஒரே பொருளின் மூன்று வயது. அதே மாங்காய்தான் கறிக்கும் போகிறது, பழுத்த பிறகு கைக்கும் வருகிறது. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மாங்குளத்திலிருந்து ஒரு மாணவன்: அமெரிக்காவில் தக்காளிக்கு வழக்கு நடந்ததாமே, சேர்?

ஓம். 1883ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி இறக்குமதி மரக்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. கட்டிய வரியைத் திருப்பித் தரச் சொல்லி நிக்ஸ் என்ற வியாபாரக் குடும்பம் வழக்குப் போட்டது. தாவரவியலில் தக்காளி பழம்தான், ஆனால் மக்கள் பேச்சில் அது சாப்பாட்டோடு பரிமாறும் மரக்கறி என்று 1893இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வரி வரியாகவே நின்றது.

முள்ளியவளையிலிருந்து: கச்சான், அதாவது நிலக்கடலை, மண்ணுக்குள் விளைகிறது. அப்ப அது கிழங்குதானே?

இல்லை தம்பி, அது பழம். நல்ல கேள்வி. கச்சானின் மஞ்சள் பூ நிலத்துக்கு மேலேதான் பூக்கும். கருக்கட்டிய பிறகு சூலகத்தின் அடி ஊசி மாதிரி நீண்டு, கீழே வளைந்து, மண்ணைக் குத்தி உள்ளே போகும். உள்ளே போன பிறகுதான் நுனி பருத்துக் கோதாகும். மண் இறுகிக் கிடந்தால் ஊசி இறங்காது, காய் பிடிக்காது. பூத்து முடியும் முன்னர் மண்ணைக் கொத்தி அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு செடியைப் பிடுங்கி உதறிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு மட்டும் இருக்கும், கச்சான் இருக்காது. கச்சான் எல்லாம் அந்த ஊசிகளின் நுனியில் தொங்கும்.

வாழைக்காய்?

பழம். முதல் பதிலைப் பாருங்கள்.

மரமுந்திரிகையில் கொட்டை ஏன் வெளியே தொங்குகிறது?

நாங்கள் பழம் என்று கடிப்பது உண்மையில் பருத்த பூக்காம்பு. வெளியே தொங்கும் கொட்டைதான் பழம், பருப்பு அதன் விதை. பச்சைக் கொட்டையைப் பல்லால் உடைக்க விடாதீர்கள், கோதின் எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும்.

புளியங்குளத்திலிருந்து: பக்கத்துத் தோட்டக்காரர் சலாது வெள்ளரி போட்டார். என் வெள்ளரிப்பழம் சப்பென்று போய்விட்டது.

அவர் மேல் குற்றமில்லை. செடியின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் இழைகள் உண்டு, அவைதான் நிறமூர்த்தம். சலாது வெள்ளரிக்கு 14 நிறமூர்த்தம், வெள்ளரிப்பழத்துக்கு 24. இரண்டும் ஒரு குடும்பமானாலும் கலக்காது. பழுக்கும் நேரத்தில் தண்ணீரைக் கூடக் கட்டியிருப்பீர்கள், அல்லது வெடிப்பு விழ முன்னர் பிடுங்கியிருப்பீர்கள்.

துணுக்காயிலிருந்து ஒருவர் மறுத்து: எங்கள் அப்பு நாற்பது வருசம் வெள்ளரி செய்தவர். கொடிகளைத் தள்ளித்தான் போடுவார். அவருக்குத் தெரியாததா?

அப்புவை நான் குறை சொல்லவில்லை ஐயா. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சதை தாய்ச் செடியின் சூலகம். எந்தப் பூந்தூள் வந்து விழுந்தாலும் இந்த வருசச் சதையின் இனிப்பு அதனால் மாறாது. மாறுவது உள்ளேயிருக்கும் விதை மட்டும்.

அதே ஆள்: அப்ப ஏன் தள்ளிப் போட்டார்?

கெக்கரிக்குப் பக்கத்தில் போடாமல் விட்டிருப்பார். கெக்கரி என்ற பெயரை ஊருக்கு ஊர் ஒவ்வொரு காய்க்கு வைத்திருக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நான் சொல்வது கறிக்கு எடுக்கும் கெக்கரியை. அதுவும் வெள்ளரிப்பழமும் ஒரே இனம், இரண்டுக்கும் 24. அவை கலக்கும். அப்படிக் கலந்த விதையை எடுத்து வைத்தால் அடுத்த போகத்தில் ஒன்றும் ஒழுங்காக வராது. சொந்த விதை வைத்த மனிதருக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். அப்பு செய்தது சரி.

ஒரு எச்சரிக்கை. வெள்ளரி, கெக்கரி, சுரை எது கைத்தாலும் துப்பிவிடுங்கள். அந்தக் கைப்பு நஞ்சு, அவித்தாலும் போகாது.

கனடாவிலிருந்து: பாலைப்பழம் எந்த வகை, அண்ணை? வாயில் இன்னும் ருசி நிற்கிறது.

சதைக்கனி. தக்காளியும் அந்த வகைதான். மஞ்சளாய், விரல்நுனி அளவு, உள்ளே மினுங்கும் விதை. பால் உதட்டில் பசை போல ஒட்டும், தெரியும்தானே. வீரைப்பழம் அப்படியல்ல, மாங்காய் மாதிரி உள்ளே ஓடு உள்ளது. இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று: பழத்துக்காகப் பாலைக் கொப்பை வெட்டாதீர்கள், அந்த மரம் வளர ஒரு மனித ஆயுள் போதாது. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைத் தாண்டி எந்தப் பழத்துக்கும் போகாதீர்கள்.

கத்தரிக்காய் பழமா? / முருங்கைக்காய் பழமா? / பாகற்காய்?

மூன்றும் பழம். வெட்டினால் விதை தெரிகிறதல்லவா? இனி இந்த மாதிரிக் கேள்விக்கு வெட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுரைக்காய் கொஞ்சம் கைக்கிறது. உப்பில் ஊறவைக்கலாமா?

வேண்டாம். எறியுங்கள். மேலே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்.

காளான்?

செடியே இல்லை.

சீனி வருத்தக்காரர் மாம்பழம் சாப்பிடலாமா?

உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

முத்தையன்கட்டிலிருந்து: அப்ப நெல்லு என்ன, ஐயா?

இதைக் கேட்க ஒருவரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உமிக்குள் இருக்கும் ஒவ்வொரு மணியும் ஒரு முழுப் பழம். உமி பூவின் பகுதி. அதை நீக்கினால் வருவது, பழத்தோலும் விதைத்தோலும் பிரிக்க முடியாதபடி ஒட்டிய ஒற்றை விதைப் பழம். தீட்டும்போது தவிட்டோடு போவது அந்தத் தோல்தான். வீட்டில் தீட்டாத சிவப்பரிசி இருந்தால் ஒரு மணியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சிவப்பு உரிந்து உள்ளே வெள்ளை தெரியும். அந்தச் சிவப்பு, பழத்தின் தோல்.