தண்ணீர் குறைகிறது, இஞ்சின் சுடுகிறது: ஹெட்டைக் கழற்றலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1997 கொரோலா வைத்திருக்கிறேன் ஐயா. ரேடியேற்றரில் வாரத்துக்கு அரை லீற்றர் தண்ணீர் குறைகிறது, நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. ஊருக்குள் ஓடினால் பிரச்சினை இல்லை. பதுளைக்குப் போகும்போது பிபிலை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சூடு காட்டும் ஊசி மேலே போகிறது. கராஜில் தெர்மோஸ்டற்றை (தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழி திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்போது ஹெட் கேஸ்கற் (இஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்கிறார்கள். கழற்றச் சொல்லவா?"

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கற்றோடு வேலை முடியாது, லேத்துக்குக் கொடுத்து மட்டமும் பார்க்க வேண்டிவரும். அதற்கு முன் ரேடியேற்றர் மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் மேல் 0.9 என்று அடித்திருக்கும். அந்த அழுத்தத்தை மூடி பிடித்து வைத்திருக்கும்வரை தண்ணீர் 118 பாகை அளவில்தான் கொதிக்கும். அடியிலுள்ள ரப்பர் வெடித்துவிட்டால் 100 பாகையிலேயே கொதித்து, ரிசர்வ் போத்தல் வழியாக ஆவியாகப் போய்விடும். நிலத்தில் சொட்டு எங்கே இருக்கும்? அதே அளவில் புது மூடி போடுங்கள். ஹெட் வேலைக்கு முன்னால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

அடுத்தது, சூடு எப்போது ஏறுகிறது என்பது. கல்லடிப் பாலத்து நெரிசலில் நிற்கும்போது ஏறினால் ஃபேனைச் சந்தேகிப்பேன். மலையில் ஏறினால் ரேடியேற்றர் அடைத்திருக்கலாம். நம் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, அதைத்தானே வருஷக்கணக்காக ஊற்றுகிறோம். காலையில் இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வாய்களில் வெள்ளைப் படிவும் துருவும் தெரிந்தால் ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். அப்புறம் கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டற்றைத் திரும்பப் போடுங்கள். "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை இஞ்சினைக் கெடுத்திருக்கிறோம்! அது இல்லாவிட்டால் சமதரையில் இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, பெற்றோல்தான் கூடுதலாகப் போகும். அடைத்த ரேடியேற்றரோடு மலை ஏறும்போது அதைக் கழற்றியதால் ஒரு லாபமும் இல்லை. புதிதை ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், 82 பாகைப் பக்கம் திறக்கத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும்.

கேஸ்கற்றை ஊகத்தில் தீர்மானிக்கக் கூடாது. மூடியைத் திறந்தபடி ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வருகிறதா? மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருக்கிறதா? இருந்தால் கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனையைக் கேளுங்கள், இஞ்சினுக்குள் எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் அது மஞ்சளாகிவிடும். கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையால் தண்ணீர் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கால்விரிப்பு ஈரமாக இருந்தால் ஹீற்றரில் கசிவு.

இதெல்லாம் முடியும்வரை பதுளைப் பக்கம் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால், ஊசி ஏறியதும் ஏசியை நிறுத்தி ஓரம்கட்டுங்கள், ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். ஏறிய ஊசி திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் வற்றி, சென்சர் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். நான் ஒருமுறை அதை நம்பி இன்னும் நாலு கிலோமீற்றர் ஓட்டி, ஒரு ஹெட்டை வளைத்திருக்கிறேன்.