மாத்திரை அட்டையில் தேதி எழுதுங்கள்: டிஐடி கேள்வி-பதில்

போன முறை டிஐடி பற்றி, அதாவது ஒரே உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் மாறி மாறி முன்னால் வரும் விலகல் அடையாளக் கோளாறு பற்றி, நாலு வரி எழுதினேன். அந்த ஆள் மாற்றத்தைத்தான் ஸ்விட்ச் என்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தலைவலி. வழக்கம்போல மூன்றில் ஒரு கடிதத்தில் வயது இல்லை, சாப்பிடும் மாத்திரையின் பெயர் இல்லை. ஜாதகம் பார்ப்பவர்கூடப் பிறந்த தேதி கேட்பார்.

கே: வயது 29, ஐ.டி. வேலை, ஈஜிபுரா. மூன்று வருடமாக டிஐடிக்குத் தெரபி போகிறேன். ஸ்விட்ச் ஆவதற்கு முன்னால் நெற்றிப்பொட்டை இறுக்கிப் பிடிக்கிறது. சில நாள் வலி மறுநாள் வரை நீண்டு வாந்தியும் வருகிறது. இரண்டும் ஒரே தலைவலியா?

ப: இரண்டு வேறு வலிகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்விட்சை ஒட்டி வருவது பெரும்பாலும் நெற்றி, கண்ணுக்குப் பின்புறம், பிடரி என்று பிழியும். ஆள் மாறி முடிந்ததும் தணியும். யார் முன்னால் வருவது என்று உள்ளே இழுபறி நடக்கிற நாளில் மணிக்கணக்கில் நீளும். சாதாரண வலி மாத்திரைக்கு அது அவ்வளவாக அடங்காது. ஒற்றைத் தலைவலியின் குணம் வேறு. 4 மணி நேரம் முதல் 3 நாள் வரை இருக்கும், துடிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மாடிப்படி ஏறினால் கூடும். ஒரே உடம்பில் இரண்டும் இருக்கலாம். சிறு வயதில் கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவர்களுக்குத் தலைவலி அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம்தான்.

இதற்கு மேல் தூங்காத இரவு, பல்லை நெறிப்பது, ஒருவர் கழற்றி எங்கோ வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடி. அப்புறம் மதியச் சாப்பாடு. இன்னொருவர் சாப்பிட்டிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்து, கடைசியில் யாருமே சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு மாதம் குறித்து வையுங்கள்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது முன்னால் இருந்தது யார், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, போட்ட மாத்திரை. ஒரே நோட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று உள்ளே சொல்லி வையுங்கள். கையெழுத்து மாறினால் மாறட்டும்.

கே: என் மனைவிக்கு 34 வயது. தலைவலிக்கு மாத்திரை போட்டதே நினைவில்லை என்கிறாள். காலையில் வாங்கிய டோலோ 650 அட்டையில் 15 இருந்தது, இரவு பார்த்தால் 6. இது ஆபத்தா? (பானசவாடி)

ப: இதைக் கடிதத்தில் கேட்டிருக்கக் கூடாது, அன்று இரவே கேஷுவால்டியில் கேட்டிருக்க வேண்டும். ஒன்பது மாத்திரை என்றால் கிட்டத்தட்ட 6 கிராம் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. 650-இல் கணக்குப் போட்டால் ஆறு மாத்திரை. இளைத்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதுவே அதிகம். பாராசிட்டமால் மிஞ்சினால் முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் சண்டை போடும். அதை முறிக்கும் மருந்து 8 மணி நேரத்துக்குள் ஏறினால் பலன் மிக நன்றாக இருக்கும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று வீட்டில் உட்காராதீர்கள்.

இனிமேலுக்கு, நான் பல தடவை சொல்லிவிட்டதுதான்: மாத்திரை அட்டையில் தேதி எழுதுங்கள். மாத்திரையைப் பிதுக்குவதற்கு முன் அந்தக் குழிக்குப் பக்கத்தில் தேதியும் மணியும். அந்த வழுக்கல் தாளில் பால்பாயின்ட் பேனா எழுதாது, சிடி மேல் எழுதும் மார்க்கர் வாங்கி ரப்பர் பேண்டு போட்டு அட்டையோடு கட்டி வையுங்கள். வெளியில் ஒரே ஓர் அட்டைதான் இருக்க வேண்டும், கைப்பையில் ஒன்று ஆபீஸ் டிராயரில் ஒன்று என்று கூடாது. மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு. ஒளித்து வைத்தால் உள்ளே யாராவது தேடிக் கண்டுபிடிப்பதையே வேலையாக எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. அந்த ஒன்பதும் மறதியா, அல்லது உள்ளே யாராவது சாக நினைத்துப் போட்டதா? நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி லைன் டெலி மானஸ், எண் 14416. இலவசம், இரவு பகல் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கே: பெங்களூரின் உயரமும் குளிரும்தான் என் தலைவலிக்குக் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா?

ப: இல்லை. 900 மீட்டர் உயரத்துக்குத் தலை வலிக்காது. சில்க் போர்டு சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் வலிக்கும்.

கே: தலைவலிக்கு எந்த மாத்திரை பெஸ்ட்? உடனே பதில் தேவை.

ப: வயது? ஆணா, பெண்ணா? தலைவலி வராமல் தடுக்கக் கொடுக்கும் மருந்துகளில், ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் கொடுக்கப் பல முறை யோசிப்பேன். கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி என்றால் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரையையே நிறுத்தச் சொல்வேன். ஒன்றும் சொல்லாமல் பெயர் மட்டும் வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டிருக்கலாம். கேட்டும் இருப்பீர்கள். டிஐடிக்கென்று தனி மாத்திரை கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமைன், டிரிப்டான், அல்லது கூட்டு மாத்திரை என்றால் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்தக் கணக்கில் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டிஐடியில் இந்த எண்ணிக்கை யாருக்கும் தெரியாமலே தாண்டிவிடும். அட்டையில் தேதி எழுதுங்கள்.

கே: ஜெயநகரில் பி.ஜி.யில் தங்கிப் படிக்கிறேன், வயது 21. தலைவலிக்கு டோபிரமேட் ஆரம்பித்ததிலிருந்து பேச்சின் நடுவில் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. டிஐடி முற்றுகிறதா?

ப: மாத்திரையின் வேலையாக இருக்கலாம். வார்த்தை தட்டுப்படாமல் போவது அதன் தெரிந்த பக்க விளைவு, விரல் நுனி மதமதப்பும் அப்படியே. இன்னொருவர் முன்னால் இருந்த நேரம் நினைவில் இல்லாமல் காணாமல் போவது வேறு, நிற்கிற இடத்தில் 'சாவி' என்ற சொல் வராமல் தவிப்பது வேறு. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

கே: எங்களில் ஒருவருக்குக் காலையில் இரண்டு டம்ளர் பில்டர் காபி வேண்டும், இன்னொருவருக்கு வாசனையே ஆகாது. அவர் இருக்கும் நாட்களில் மதியத்துக்கு மேல் தலை பிளக்கிறது.

ப: காபிக்குப் பழகிய உடம்பு காபி கேட்கிறது. குடித்தது யார் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டு டம்ளரை ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி, இரண்டு மூன்று வாரத்தில் இறக்குங்கள். காபி பிடித்தவரிடம் முதலில் பேசி ஒப்பந்தம் போடுங்கள்.

கே: அல்சூர், வயது 41. திடீரென்று மோசமான தலைவலி, வலது கையும் கொஞ்சம் மரத்தது. ஆஸ்பத்திரியில் என் பைலைப் புரட்டியவுடன் "சைக்கியாட்ரி கேஸ்" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சரியாகிவிட்டது. நான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா?

ப: இல்லை அம்மா. பெரிதுபடுத்த வேண்டியதைத்தான் அவர்கள் சிறிதாக்கினார்கள். சரியாகிவிட்டது என்றாலும் இந்த வாரமே ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கை மரத்து விட்டுப் போவது சில நேரம் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு.

இந்த விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அதிகம், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், வயது 26. டிஐடியும் ஒற்றைத் தலைவலியும் உண்டு. தலைவலிக்கு இரண்டு வாரத்துக்கு முன் வேறொரு டாக்டர் டோபிரமேட் தொடங்கியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கண்ணைச் சுற்றிக் கடுமையான வலி, வாந்தி. இரவு கேஷுவால்டியில் தூக்க ஊசி போட்டுக் காலையில் அனுப்பினார்கள். சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். "ட்யூப்லைட்டைச் சுற்றி வானவில் தெரிகிறது என்கிறார், ஹாலுசினேஷன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெண்ணின் இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்று இருந்தன. விளக்கைச் சுற்றி வானவில் தெரிவது கண் அழுத்தம் ஏறியதன் அடையாளம் என்று மூன்றாம் வருட மாணவனைக் கேட்டால் சொல்வான். 20-க்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 40-ஐத் தாண்டியிருந்தது. டோபிரமேட் அபூர்வமாகச் செய்கிற வேலை இது, பெரும்பாலும் தொடங்கிய முதல் மாதத்துக்குள். மருந்தை நிறுத்தி, சொட்டு மருந்து போட்டுப் பார்வையைக் காப்பாற்றினார்கள்.

அந்தக் கையெழுத்துக்காரரை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த இரவுக்கு மூன்று நாளைக்கு முன்னால் அந்தப் பெண் என்னிடம் "பார்வை மங்கலாக இருக்கு மேடம்" என்றாள். ஸ்விட்ச் சமயத்தில் அப்படி இருக்கும் என்று தலையாட்டி அனுப்பியவள் நான்தான்.

பைலில் மனநோயின் பெயர் ஏறிவிட்டால் அதன் பிறகு உடம்புக்கு நோய் வரவே உரிமை இல்லை என்பதுபோல நடத்துகிறோம். டிஐடிகாரருக்கும் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும், சைனஸ் அடைக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் பலமிழப்பது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வருவது, இருமினால் கூடுவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது: இவற்றில் எது இருந்தாலும் 'ஸ்விட்ச்' என்ற வார்த்தையை அன்றைக்கு மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரம் காணாமல் போகிறவர்களுக்குத் தலையில் அடிபட்டதே தெரியாமல் இருக்கலாம், ஆகவே புதுக் காயம், வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அங்கே போனால் பேசும் வரிசை முக்கியம். முதலில் வலி எத்தனை மணிக்கு, எப்படித் தொடங்கியது. இரண்டாவது மாத்திரைப் பட்டியல், ஒன்றையும் மறைக்காமல். மூன்றாவதாக டிஐடி. கூட வருபவர் ஒருவர் இருந்து "வழக்கமாக வருகிற வலி இது இல்லை" என்று சொன்னால் காது கொடுப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கூட்டமும் உண்டு. மாறாத அதே வலிக்கு மூன்றாவது எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வருபவர்கள். அந்தக் காசில் பத்து தெரபி அமர்வு போகலாம்.

கே: மகளுக்கு 19 வயது. தலைவலி வந்து, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கை கால் உதறுகிறாள், வேறு குரலில் பேசுகிறாள். இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) நார்மல். மூன்று வருடமாக வலிப்பு மாத்திரை, குறையவில்லை. ஊரில் கோயிலுக்குக் கூட்டி வரச் சொல்கிறார்கள்.

ப: ஒரு சாதாரண இ.இ.ஜி. நார்மல் என்பதால் வலிப்பு இல்லை என்று ஆகாது. ஆனால் கண் மூடியபடி அரை மணி நேரம் என்பது விலகல் வகை வலிப்பாக, அதாவது மூளையின் மின்கோளாறு இல்லாமல் மனம் தாங்காமல் வருவதாக, இருக்கலாம். உதறும் நேரத்திலேயே பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. எடுத்தால் பெரும்பாலும் தெளியும். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, நாள் முழுக்க ஆகும் என்று தயாராகப் போங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த தடவை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், சாமி கும்பிடுவதை நான் தடுக்கப் போவதில்லை. மிளகாய்ப் புகை, வேப்பிலை அடி என்று யாராவது ஆரம்பித்தால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கே: டிஐடி இருப்பவர்கள் சினிமாவில் காட்டுவதுபோல ராத்திரியில் கொலை செய்வார்களா?

ப: 2005-இல் வந்த இரண்டு தமிழ்ப் படங்களின் புண்ணியம், இருபது வருடமாக இதே கேள்வி. செய்ய மாட்டார்கள். அவர்கள் அதிகம் காயப்படுத்துவது தங்களைத்தான். அடுத்த கேள்வி.

கே: ஆரோக்கிய இன்சூரன்ஸில் இதற்குப் பணம் கிடைக்குமா?

ப: 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கேட்டுப் பாருங்கள். தெரபி கட்டணம் பெரும்பாலான பாலிசிகளில் வராது, பாலிசியை முழுதாகப் படியுங்கள்.

கே: வயது 37, மல்லேஸ்வரம். ராத்திரி இரண்டு மணிக்கு எங்களில் ஒருவருக்குப் பல்லிலிருந்து தலை வரை வலிக்கிறது. பகலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலி அவருடைய பழைய நினைவா, என் பல்லா?

ப: பல்லை முதலில் பாருங்கள். வாய் ஒன்றுதான். விலகல் நிலையில் வலி தெரியாமல் போவது சகஜம், தெரியவில்லை என்பதால் சொத்தை நின்றுவிடாது. பழைய நினைவாகவும் இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்குப் பல் எக்ஸ்ரே எடுத்த பிறகு வாருங்கள்.

பல் நாற்காலியில் மல்லாந்து படுத்து வாயைத் திறப்பது உங்களில் சிலருக்குப் பெரிய பயமாக இருக்கும். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். டிஐடி என்று சொல்ல விருப்பமில்லாவிட்டால் "பல் டாக்டர் என்றாலே பயம்" என்றால் போதும். எந்தப் பக்கத்துப் பல் என்று நீங்கள் எழுதவே இல்லை. ராத்திரி வலிக்கிறவர் எழுந்து, வலிக்கிற இடத்தில் விரலை வைத்து ஒரு போட்டோ எடுத்து வைக்கட்டும். பகலில் போகிறவர் அதைக் காட்டலாம்.