வாளும் கேடயமும் ஏந்தியவள்தான் தாயா?

கேள்வி: மரியா குலிகோவ்ஸ்கா என்ற உக்ரைன் சிற்பியைப் பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். நாடே பற்றி எரியும்போது கைக்குழந்தையோடு ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டவர் அவர். தன் உடம்பையே சோப்பில் வார்த்து நிறுத்திவிட்டு, தாய்மை என்கிறார், போர் என்கிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. கீவ் நகரில் வாளேந்தி நிற்கிறாளே, அவளல்லவா தாய்! இதற்கெல்லாம் பக்கம் ஒதுக்க வேண்டுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். இரண்டு பக்கம் போதவில்லை என்றுதான் எனக்கு வருத்தம்.

முதலில் நீங்கள் சொன்ன கீவ் சிலைக்கே வருகிறேன். சோவியத் அரசு 1981ல் திறந்து வைத்தது அது. துருப்பிடிக்காத எஃகு, உருவம் மட்டும் 62 மீட்டர், பீடத்தோடு சேர்த்தால் 102 மீட்டர். கேடயத்தில் சுத்தியல் அரிவாள் சின்னம் இருந்தது. 2023 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டு உக்ரைனின் திரிசூலத்தைப் பொருத்தினார்கள். உக்ரைன் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிலையின் படத்தை எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு கையில் வாள், இன்னொரு கையில் கேடயம். பிள்ளையைத் தூக்க அவளுக்குக் கை இல்லை. அரசுகளுக்கு வேண்டிய தாய் அவள். போர் வந்தால் வீட்டில் இருக்கிற தாய் என்ன செய்கிறாள்? 2022ல் கீவிலிருந்து கிளம்பிய ஒரு தாய், வழியில் தான் செத்துப்போனாலும் பிள்ளை அநாதையாகத் தொலைந்துவிடக் கூடாதே என்று, மகளின் முதுகில் பேனாவால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினாள். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. சின்ன முதுகு, நடுங்கிய கையெழுத்து.

அதே ஆண்டு மார்ச் 9ஆம் தேதி மரியுபோலில் மகப்பேறு மருத்துவமனை மீது ரஷ்யா குண்டு போட்டது. வயிற்றில் கை வைத்தபடி ஒரு கர்ப்பிணியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தப் புகைப்படம் நினைவிருக்கும். குழந்தையும் பிழைக்கவில்லை, தாயும் பிழைக்கவில்லை. இதைப் பார்த்த பிறகும் கைக்குழந்தையோடு ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு பெண்ணைக் குத்திக்காட்ட நமக்கு எப்படி மனசு வருகிறது?

சரி, குலிகோவ்ஸ்காவுக்கு வருவோம். அவர் ஊரை இழந்தது 2022ல் மட்டும் அல்ல. பிறந்தது 1988ல், உக்ரைனின் தெற்கே உள்ள கிரிமியா தீபகற்பத்தின் கிழக்கு முனையில் இருக்கும் கெர்ச் நகரில். ரஷ்யாவிலிருந்து கிரிமியாவுக்குக் கடல்மேல் பாலம் போட்டு 2018ல் திறந்தார்களே, அது வந்து சேருவது இந்த ஊருக்குத்தான். 2014ல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டபோதே அவருக்கு ஊர் போய்விட்டது. இடம்பெயர்ந்தவர் என்று பதிவு செய்தபோது கொடுத்த எண் 254. அந்த எண்ணையே ஒரு நிகழ்த்துகலைக்குத் தலைப்பாக்கி, அதே 2014ல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகப் படிக்கட்டில் உக்ரைன் கொடியைப் போர்த்திக்கொண்டு பிணம் போலக் கிடந்தார். எதிரியின் ஊருக்கே போய், காவலர்கள் வந்து இழுத்துப் போவார்கள் என்று தெரிந்தே செய்தது அது. இவரைப் போய் ஓடிவந்தவர் என்கிறீர்கள்.

போயும் போயும் சோப்பில் ஏன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தன் உடம்பில் அச்செடுத்து, அதில் சோப்பை உருக்கி ஊற்றி, 2012ல் சில உருவங்கள் செய்தார். மனிதன் ஒரு நீர்க்குமிழி என்ற பழைய லத்தீன் வாக்கிலிருந்து பெயர் வைத்தார். வெயிலில் நிறம் மாறட்டும், மழையில் கரையட்டும் என்றுதான் அவற்றைத் திறந்த வெளியில் நிறுத்தினார்கள். இடம் கிழக்கு உக்ரைனின் தொனெட்ஸ்க் நகரில் இஸோல்யாத்சியா என்ற கலை மையம், முன்பு தொழிற்சாலையாக இருந்த வளாகம். 2014 ஜூன் 9 அன்று ரஷ்ய ஆதரவு ஆயுதக் குழு அந்த வளாகத்தைப் பிடித்தது. அப்புறம் அங்கே சிறை வைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள். குலிகோவ்ஸ்காவின் சிலைகளைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு பெண்ணின் உடம்பை அப்படியே வார்த்த உருவத்தை நிற்க வைத்துச் சுட்டிருக்கிறார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உருவத்தைச் சகிக்க முடியாமல்தான் அவர்களும் சுட்டார்கள். உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் அந்தச் சங்கடம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் கையில் எடுத்தது பாலிஸ்டிக் சோப்பு. துப்பாக்கிக் குண்டு மனிதச் சதையை என்ன செய்யும் என்று பார்க்கச் சோதனைக் கூடங்களில் சுடுகிற பொருள் அது. இதே சோதனைக்கு ஜெலட்டினும் உண்டு, ஆனால் குண்டு போனதும் ஜெலட்டின் சுருங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். சோப்பு அப்படி இல்லை. உள்ளே குண்டு விரித்த குகை விரிந்தபடியே நின்றுவிடும், விரலை விட்டுப் பார்க்கலாம். 2022ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு அவர் போனபோது கையில் இருந்தது ஒரு வயதுகூட நிரம்பாத மகள். 18 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற உத்தரவு அப்போதே வந்துவிட்டதால், எல்லையைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பிள்ளைகளோடு தனியாக வந்த பெண்கள்தான். பிள்ளை பெற்ற உடம்பு, பால் கொடுக்கும் உடம்பு, குண்டு துளைக்கக்கூடிய உடம்பு எல்லாம் ஒன்றுதான் என்பதை எஃகில் எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் சிற்பி கேத்தே கோல்விட்ஸ், 18 வயது மகன் பீட்டரை 1914 அக்டோபரில் பெல்ஜியம் போர்முனையில் பறிகொடுத்தவர். அவன் படையில் சேர அப்பா சம்மதிக்கவில்லை, அம்மாதான் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தக் குற்ற உணர்ச்சியோடு மகனுக்குச் சிலை செய்ய ஆரம்பித்து, செய்ததைக் கலைத்து, மறுபடி தொடங்கி, கல்லறையில் கொண்டுபோய் வைத்தபோது 1932 ஆகிவிட்டது. பிள்ளை உயிரோடு இருந்த அதே 18 வருடம். அதில் மகன் இல்லை. மண்டியிட்ட அப்பா, குனிந்துபோன அம்மா, இருவரும் தங்கள் கைகளால் தங்களையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்று பெல்ஜியத்தின் வ்லாட்ஸ்லோ ராணுவக் கல்லறையில் இருக்கிறது. அடுத்த இதழில் முழுப் பக்கப் படமாகப் போடுகிறோம். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.