உளி பிடித்த கை

அன்புள்ள ஐயா,

வங்காள அச்சோவியங்களின் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஹரேன் தாஸின் மரச்செதுக்குகளில் (மரக்கட்டையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுத்த படங்கள்) மீனவர்கள், உழவர்கள், தண்ணீர் எடுக்கும் பெண்கள், எல்லாமே அழகு. அந்த அழகுதான் உறுத்துகிறது. உழைப்பவர்களின் பாடு இத்தனை அமைதியாகவா இருந்தது? போய்விட்ட ஒரு காலத்தை நினைத்து ஏங்குவதற்கு மேல் இவற்றில் என்ன இருக்கிறது? புகைப்படம் வந்துவிட்ட பிறகு இவ்வளவு சிரமப்பட்டுச் செதுக்குவதுதான் எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஹரேன் தாஸ் (1921–1993) இருபதுகளில் இருந்தபோதுதான் 1943-ன் வங்கப் பஞ்சம் வந்தது. அப்போது ஓவியர் சித்தப்ரசாத் வங்காளத்தின் மிதுனாப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தே திரிந்து பட்டினியில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்தார். அவை சிறுநூலாக வந்ததும் ஆங்கில அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. அந்தப் பசி ஹரேன் தாஸின் கிராமத்தில் இல்லை. அது ஒரு குறைதான், நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் படங்களில் வெறும் ஏக்கம்தான் இருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் லினோகட் கற்றுக்கொண்டேன்; மரத்துக்குப் பதில் லினோலியம் என்ற மெத்தென்ற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பது. முதல் படமாக, தெரிந்த தச்சர் ஒருவர் வேலை செய்வதைப் புகைப்படம் எடுத்து, அதை அப்படியே லினோலியத்தில் பிரதியெடுத்துச் செதுக்கினேன். உருளையால் மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து உரித்தபோது மனம் நிறைந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நொடிதான் பார்த்தார். “இவர் இடக்கைக்காரரா?” என்றார்.

அச்சில் எல்லாம் இடவலம் மாறிவிடும் என்பதை மறந்திருந்தேன். கொட்டாப்புளி, அதாவது உளியை அடிக்கும் மரச்சுத்தியல், இடக்கைக்குப் போயிருந்தது. அதோடு, செதுக்கும்போது அதன் பிடியை நானே குட்டையாக்கிவிட்டிருந்தேன். “இப்படித் தலையை ஒட்டிப் பிடித்தால் அடி இறங்காதுங்க” என்றார்.

அன்றிலிருந்து தொழிலாளியைக் காட்டும் எந்த அச்சோவியத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குத்தான் போகிறது. கருவியைப் பிடித்திருக்கும் விதம் சரியா? உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது? வேலை தெரியாமல் வரைந்த ஏக்கம் இங்கே பிடிபட்டுவிடும். முகத்தில் சோகத்தை ஏற்றித் தப்பிக்க முடியாது.

புகைப்படத்தைப் பற்றிய கேள்விக்கும் பதில் இங்கேதான். கேமரா எதிரே இருப்பதை எல்லாம் ஒரே நொடியில் அள்ளிக்கொள்ளும். செதுக்குபவர் ஒவ்வொரு கோட்டையும் விடுவதா எடுப்பதா என்று முடிவுசெய்தாக வேண்டும். மரச்செதுக்கில் தோண்டிய இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. தோண்டியதைத் திரும்ப வைக்க வழியில்லை. ஒரு மீன்வலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் கறுப்பாக நிற்கவேண்டுமானால் வலைக்கண் ஒவ்வொன்றையும் தனித்தனியே தோண்டி எடுக்க வேண்டும். வலை பின்னியவர் கண் கண்ணாகப் பின்னிய அதே வேலையைச் செதுக்குபவரும் கண் கண்ணாகச் செய்கிறார். அந்த மணிநேரங்கள் படத்துக்குள் எங்கோ தங்கிவிடுகின்றன என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கலைக்காரர்கள் தங்களையும் தொழிலாளி வரிசையில்தான் வைத்துக்கொண்டார்கள். 1568-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பல தொழில்களையும் படமாகக் காட்டும் ஓவியர் யோஸ்ட் அம்மானின் தொழில்நூல் வெளியானது, 114 மரச்செதுக்குகளோடு. படங்களுக்குச் செய்யுள் எழுதிய ஹான்ஸ் சாக்ஸ் செருப்புத் தைக்கும் தொழிலாளி. போப்பும் பேரரசரும் வரும் அந்த நூலில் காகிதம் செய்பவர், அச்சடிப்பவர், அச்சுக்கட்டை செதுக்குபவர் எல்லாரும் வருகிறார்கள். கட்டை செதுக்குபவரைக் கட்டையில் செதுக்கியிருக்கிறார்கள்! எனக்கு மிகப் பிடித்த படங்களில் அது ஒன்று.

அழகுக்காகப் பொய் சொன்ன படத்திலும் வேலை உண்மையாக இருக்கலாம். ஜப்பானில் ஓவியர் குனிசாடா 1857-ல் ஒரு அச்சுப் பட்டறையை மூன்று தாள்களில் தீட்டினார். செதுக்குபவர், உளி தீட்டுபவர் எல்லாரும் அலங்காரப் பெண்கள். உண்மையில் அந்தப் பட்டறைகளில் இருந்தவர்கள் ஆண்கள். ஆனாலும் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அந்தப் படத்தைத் தேடிப் போகிறார்கள். ஆகவே ஹரேன் தாஸை அழகுக்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பக்கத்தில் சித்தப்ரசாத்தின் லினோகட்களை வைத்து, இரண்டிலும் கைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். பிறகு எழுதுங்கள், பேசுவோம்.

தச்சரின் படத்தை நான் மறுபடி செதுக்கினேன், இம்முறை டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு, பிடியை நீளமாக விட்டு. கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “கை சரி. கீழே சிராய் ஒண்ணுகூட இல்லையே?” என்றார். மூன்றாவது கட்டை இப்போது மேஜைமேல் இருக்கிறது.

அன்புடன்.