காசநோய் மண்டை ஓட்டு எலும்பையும் பாதிக்குமா?

பாதிக்கும். அபூர்வம்தான், எலும்புக் காசநோய் வந்தவர்களிலேயே நூற்றில் ஒருவருக்கு வந்தால் அதிகம். என் தம்பிக்கு வந்தது, கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். தொட்டால் சூடு இல்லை, சிவக்கவில்லை, வலியும் பெரிதாக இல்லை, விரலால் அழுத்தினால் உள்ளே ஏதோ தளதளவென்று நகரும். சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பத்து நாள் அடங்கியிருக்கும், அப்புறம் அதே இடத்தில் சின்னத் துளை விழுந்து தண்ணீராகச் சீழ் கசியும், காலையில் தலையணை உறையில் மஞ்சள் கறை. இப்படியே மூன்று மாதம். இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேவில் ஒன்றும் இல்லை, அதனால் டிபி என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

மண்டை ஓட்டில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் சைனஸ் தொற்று, தலைக்காயம், ஆபரேஷன் இவற்றுக்குப் பின் நுழையும் சாதாரண பாக்டீரியாதான் காரணம். டிபி கிருமியோ உடம்பில் வேறெங்கோ இருந்து ரத்தம் வழியாக வருகிறது. மண்டை ஓட்டின் இரண்டு கெட்டித் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறதல்லவா, அங்கே தங்கி மெல்ல அரிக்கும். நெற்றியிலும் உச்சியின் இரு பக்கங்களிலும் அந்தப் பஞ்செலும்பு அதிகம், இந்த நோய் அதிகம் வருவதும் அங்கேதான்.

சி.டி. ஸ்கேனில் எலும்பில் வட்டமாக ஓர் ஓட்டை தெரிந்தது. புற்றுநோயிலும் இப்படித் தெரியலாம் என்றார்கள், அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பயாப்ஸியில்தான், அதாவது அந்த இடத்துத் திசுவை எடுத்துச் சோதித்ததில்தான், டிபி என்று உறுதியானது.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: சீழை வழக்கமான கல்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் டிபி கிருமி அதில் வளராது, அதற்கெனத் தனிக் கல்சர் வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும், ஆனால் அதில் நெகட்டிவ் வந்தாலும் டிபி இல்லை என்று விட்டுவிட முடியாது, திசுவை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆறாத தலைப்புண் என்றால் டிபிக்கும் சோதித்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

சிகிச்சை வழக்கமான டிபி மாத்திரைதான், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு குறைப்பார்கள். எலும்பு என்பதால் தம்பிக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டான், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. மூன்றாம் மாதமே புண் மூடிவிட்டது. மாத்திரையை மட்டும் கடைசி நாள் வரை நிறுத்தவில்லை.